மூன்று யூனிட் மணலும் ஆறடி நடைபாதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு மனையில் வீட்டு வேலை தொடங்கினால், எதிரே இருக்கும் நடைபாதை அன்றே கிடங்காகிவிடுகிறது. ஒரு லோடு எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) பெரும்பாலும் 3 யூனிட், அதாவது 300 கன அடி. கொட்டினால் ஏறக்குறைய 15 அடி அகலத்துக்குப் பரவி 5 அடி உயரத்துக்கு நிற்கும். நடைபாதையின் அகலமோ 5, 6 அடி. மீதி சாலையில்தான் சரியும். இறக்கும் ஆட்களைத் திட்டிப் பயனில்லை. மனைக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் முழு லோடுக்கு ஆர்டர் கொடுத்தபோதே நடைபாதை பறிபோய்விட்டது.

குவியலைச் சுற்றிப் போக நடப்பவர் சாலையில் இறங்குகிறார். இடதுபுறம் நடப்பவருக்கு வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும். எதிர்த்திசையில் வருபவர் பள்ளிக் குழந்தை என்றால், 5 அடிக் குவியல் அந்தக் குழந்தையை முழுதாக மறைத்துவிடும். சரியாக அந்த இடத்தில்தான் தார்ச்சாலையில் மணல் சிதறிக் கிடக்கும். திடீரென்று பிரேக் பிடிக்கும் இருசக்கர வாகனம் அதில் வழுக்காமல் நிற்பது அரிது. பார்வையற்றவர்களின் நிலை இன்னும் மோசம். தரையைத் தட்டிச் செல்லும் வெள்ளைக்கோல், மார்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சாரக் கம்பைக் காட்டிக் கொடுக்காது. கான்கிரீட் போட அடித்த சென்ட்ரிங்கைப் பிரித்த பிறகு பலகைகளை ஆணியோடு நடைபாதையில் போட்டு வைப்பதும் அன்றாடம் நடக்கிறது.

வெளியே தெரியாத சேதமும் உண்டு. நம் தெருக்கள் பலவற்றில் நடைபாதையே மழைநீர் வடிகாலின் மேல் மூடிதான். ஆள் நடக்கப் போட்ட அந்த ஸ்லாப் மீது ஜல்லி லாரியின் பின்சக்கரம் ஏறினால் விரிசல் விடும். நடைபாதையிலேயே கலவை போட்டு, மாலையில் தண்ணீர் விட்டுக் கழுவினால், சிமென்ட் பால் வடிகாலின் வாய்க்குள் இறங்கிக் கல்லாக இறுகும். ஐப்பசியில் தெருவில் தண்ணீர் தேங்கும்போது அதற்கான காரணத்தை யாரும் அந்தக் கட்டடத்தில் தேடுவதில்லை.

சட்டத்தில் குறை இல்லை. கட்டட இடிபாடுகளை மனைக்குள்ளேயே வைக்க வேண்டும் அல்லது சேகரிப்பு மையத்தில் சேர்க்க வேண்டும், போக்குவரத்துக்கோ வடிகாலுக்கோ தடையாகக் கொட்டக்கூடாது என்று 2016-ம் ஆண்டிலேயே கட்டுமானக் கழிவு விதிகள் சொல்லிவிட்டன. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சுற்றுச்சுவரைக் கடைசியில் எழுப்பினால் மணலை மனைக்குள்ளேயே இறக்கலாம். அதற்கும் இடமில்லாத சிறு மனைகளில் ஒரு யூனிட்டாகவோ மூட்டையாகவோ வாங்கலாம். நீளக் கம்பியை வெளியே வெட்டி வளைக்காமல், அளவுக்கு வளைத்துத் தரும் பட்டறையில் வாங்கலாம். நடைபாதையை மறிக்காமல் முடியாது என்ற நாள்களில், சாலையோரத்தில் 4 அடிக்குக் குறையாத தற்காலிகப் பாதை வேண்டும். அதன் வெளிப்பக்கம் கனமான தடுப்பும் இரவில் விளக்கும் வேண்டும். கயிறும் இரண்டு மூங்கிலும் தடுப்பு ஆகாது. நடைபாதை 15 செ.மீ. உயரம் என்றால், அதிலிருந்து அந்தப் பாதைக்கு இறங்கும் சரிவு 1.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். 2 அடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலி கவிழும்.

மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை. 2,500 சதுர அடி வரையிலான மனைகளில் வீடு கட்டச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அந்த விண்ணப்பத்திலேயே மனைக்கு எதிரே உள்ள நடைபாதையின் படம், பொருள்களை வைக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். வேலை முடிந்ததும் வார்டு உதவிப் பொறியாளர் ஸ்லாபையும் வடிகால் வாயையும் பார்த்துச் சான்று தந்த பிறகே அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். நிறைவுச் சான்று தேவைப்படாத சிறு வீடுகளை இப்போது கடைசியில் போய்ப் பார்ப்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
சென்னை