நின்ற நாளுக்குக் கூலி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரிக்கு டிரைவர் கிடைப்பதில்லை, வருகிறவர்களும் நாலு டிரிப் ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று உரிமையாளர்கள் புலம்புவது அவ்வப்போது செய்தியில் வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். காரணம், அந்த டிரைவர்களுக்குக் கணக்கு முடித்துக் காசு எண்ணிக் கொடுத்த கை இது. சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் 22 வருஷம் செட்டில்மென்ட் பார்த்தவன் நான். இப்போது வீட்டில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம்.

டிரைவருக்குச் சம்பளம் போதுமா என்று யாரைக் கேட்டாலும் உடனே கிலோமீட்டருக்கு எவ்வளவு, படி எவ்வளவு என்றுதான் பேச்சு போகும். சில ஆபீஸில் மாதச் சம்பளமும் படியும், சில இடத்தில் வாடகையில் இத்தனை சதவீதம், எங்களிடம் கிலோமீட்டர் கணக்கு. எந்த முறையாக இருந்தாலும் சக்கரம் சுற்றினால்தான் நாலு காசு பார்க்க முடியும். லைனுக்கு, அதாவது வெளியூர் லோடுக்கு, போன மனுஷனின் நாளில் பாதி, வண்டி ஓடாத நேரம். அந்தப் பாதி கணக்கிலேயே வருவதில்லை. என் மனக்குறை அது ஒன்றுதான்.

ஒரு டிரிப்பைச் சொல்கிறேன். சேலம் பக்கத்து ஜவ்வரிசி பெரும்பாலும் மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வடக்கேதான் போகும். அங்கே விரத நாளில் ஜவ்வரிசி கிச்சடிதான் சாப்பாடு. எங்கள் வண்டி ஒன்று அப்படி நாசிக் பக்கம் போனது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தொப்பூர் ஏறி ஓசூர், ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக மூன்றாம் நாள் ராத்திரியே மண்டி வாசலில் நிறுத்திவிட்டார். ஆனால் சரக்குக்காரப் பார்ட்டிக்கும் புரோக்கருக்கும் பணத்தில் ஏதோ தகராறு, இரண்டு நாள் இறக்கவில்லை. இடையில் மழை வேறு. தார்பாய் கிழிசலில் தண்ணீர் இறங்கி ஒரு மூட்டை நனைந்துவிட்டது. அப்புறம் ரிட்டர்ன் வெங்காய லோடுக்கு நான்கு நாள். வெங்காயம் ஏற்றிச் சென்னை வந்தால் கோயம்பேட்டில் அவர் முறை வர ஒரு ராத்திரி. அங்கிருந்து சங்ககிரிக்குக் காலி வண்டி. மொத்தம் 2,900 கிலோமீட்டர், 14 நாள். அதில் ஒழுங்காக ஓடியது ஏழு நாள்தான்.

வந்தவுடன் அவர் பிளாஸ்டிக் கவரைத் திறந்து என் மேசைமேல் வைத்தது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. டீசல் பில், எடை மேடைச் சீட்டு, பஞ்சர் ஒட்டிய ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ஏற்று கூலிக்காரர்களுக்குக் கொடுத்த டீக்காசு, கேட்டில் கொடுத்த மாமூல் எல்லாம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால். பில் இல்லாத செலவில் பாதியைத்தான் பாஸ் பண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு, அப்படியே செய்தேன். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வீதம் 14,500. நனைந்த மூட்டைக்கு 2,500 பிடித்தம். (அந்தத் தார்பாய் கிழிந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று போன டிரிப்பிலேயே சொன்னவர் அவர்தான்.) கையில் 12,000. எண்ணி வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாக, "ஏனுங்க தம்பி, நின்ன நாளுக்கு ஒண்ணும் போடலீங்களா?" என்றார். செட்டில்மென்ட் சீட்டில் அதை எழுத ஒரு வரியே கிடையாது அண்ணா என்றேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு 857 ரூபாய். ரோட்டில் சாப்பாடு, குளியல், டீ என்று 350 போனால் வீட்டுக்கு 500தான். அதே மாதம் என் வீட்டுச் சுவர் பூசிய கொத்தனாருக்கு நாளுக்கு 1,100 கொடுத்தேன், அவர் ஆறு மணிக்குக் கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். கொத்தனாருக்கு அதிகம் என்று சொல்லவில்லை. இவரிடம் இருந்தது பல லட்ச ரூபாய் வண்டியும் அடுத்தவர் சரக்கும், காவலும் அவரேதான், ஏனென்றால் கிளீனர் என்ற ஆள் எங்கள் வண்டிகளில் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

நின்றால் ஓய்வுதானே, கேபினில் படுத்துத் தூங்குகிறார்தானே என்று ஓனர்கள் கேட்பார்கள். மண்டி வாசலில் லாரியில் தூங்கிப் பார்த்தால் தெரியும். வரிசை நகரும்போது வண்டியை நகர்த்தாவிட்டால் இடம் போச்சு. அசந்து தூங்கினால் டீசல் போகும், பேட்டரி போகும். குளிக்கப் போனால் ஒரு கண் வண்டிமேல்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று வேலையை விட்ட பிறகுதான் தேடிப் படித்தேன். 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, நெடுந்தூரத்துக்கு அனுமதியோடு 10ம் 54ம், 8 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இரட்டிப்புக் கூலி, தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு, எல்லாம் அழகாக எழுதியிருந்தது. ஏற்றி இறக்கும் வேலையைக்கூட வேலை நேரத்தில் சேர்த்திருந்தார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் சும்மா காத்திருப்பது? 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அது வேலை நேரம்! 14 நிமிஷம் நின்றால் கணக்கில் உண்டு, நாலு நாள் நின்றால் இல்லை. பஸ் டிரைவரை மனதில் வைத்து எழுதியிருப்பார்களோ என்னவோ. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்தச் சட்டத்தைச் சேர்த்தபோது அந்த 15 நிமிஷமும் பத்திரமாகக் கூடவே போயிருக்கிறது. அதுவும் போக, பழைய சட்டமே ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. எங்கள் ஊரில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் தெருவுக்குத் தெரு.

சரக்குக்கு மட்டும் நேரக் கணக்கு கறாராக இருக்கிறது. சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நாள் தீர்ந்தால் நீட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் மடக்கி அபராதம். ஆளுக்கு அப்படி ஒரு பில் கிடையாது.

நின்ற நேரத்தை எப்படி அளப்பது, டிரைவர் பொய் சொல்வாரே என்பார்கள். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. தாபாவில் முக்கால் மணி நேரம் நின்றால் எங்கள் ஓனர் உடனே போன் போடுவார், "ஏப்பா, சாப்பிட இவ்வளவு நேரமா?" என்று. அதே ரிப்போர்ட்டில் மண்டி வாசலில் 46 மணி நேரம் நின்றதும் சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அதை யாரும் படிக்க மாட்டோம். ஃபாஸ்டாக்கில் எந்த டோலை எத்தனை மணிக்குத் தாண்டினார் என்பது நிமிஷ சுத்தமாக வருகிறது.

ஓனரை மட்டும் திட்டி இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசில்லை. தவணை, டயர், டோல், இன்சூரன்ஸ், டீசல் என்று அவர் கழுத்தில் கயிறு தொங்குவதை நான் தினமும் எழுதியவன். வண்டி நின்றால் அவருக்கும் நஷ்டம்தான். பார்ட்டியிடம் ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம், கேட்டால், அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போகும். ஆனால் ஒன்று, சில பெரிய பார்ட்டிகள் ஹால்டிங் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அந்தத் தொகை எங்கள் புத்தகத்தில் வாடகை வரவில் சேர்ந்ததே தவிர டிரைவர் சீட்டில் ஒரு ரூபாய்கூட இறங்கியதில்லை. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியை 2018இல் தளர்த்தியபோதும் இதே கதைதான். இரண்டாம் ஆளின் வேலை முதல் ஆளின் தலையில் ஏறியது, அவர் கூலி ஏறவில்லை. ஜி.எஸ்.டி. வந்து செக்போஸ்ட் எடுத்ததில் நேரம் மிச்சமானது உண்மை. அந்த நேரத்தில் இன்னொரு டிரிப் போகச் சொன்னோம், அவ்வளவுதான்.

கேபினுக்கு ஏ.சி. வந்துவிட்டதே என்று ஒரு நண்பர் சொன்னார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு அது கட்டாயம், நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் நிற்கும்போது ஏ.சி. ஓட வேண்டுமென்றால் இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓடினால் டீசல் போகும், டீசல் கூடினால் மைலேஜ் குறைகிறது என்று என்னைப் போல ஒருவன் செட்டில்மென்டில் பிடித்தம் போடுவான். மே மாதம் நாக்பூரில் வாசலில் நிற்கிறவர் அந்தப் பொத்தானைத் தொடுவாரா என்று நீங்களே யோசியுங்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எல்.ஆரில் (சரக்குக்கான லாரி ரசீதில்) வண்டி வந்த நேரம், இறக்கி முடித்த நேரம் இரண்டையும் எழுதிப் பார்ட்டியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் சில மணி நேரம் போகட்டும், அதற்கு மேல் நின்றால் ஹால்டிங், அதில் ஒரு பங்கு நேராக டிரைவருக்கு. லாரி உரிமையாளர் சங்கங்கள் வாடகைக்கும் டீசல் விலைக்கும் ஸ்ட்ரைக் செய்கின்றன. ஒரு தடவை இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தால், டிரைவர் கிடைக்கவில்லை என்று பத்திரிகையில் சொல்ல வேண்டி வராது.

அந்த அண்ணன் இப்போது லைனுக்குப் போவதில்லை, ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பையன்களில் ஒருவருக்கும் ஹெவி லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கவில்லை.

இன்றைக்கு லாரி ஆபீஸ்களில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செட்டில்மென்ட் சீட்டில் 'நின்ற நாள்' என்று ஒரு வரி சேருங்கள். காசு போட ஓனர் விடாவிட்டால் பரவாயில்லை, நாள் எத்தனை என்றாவது எழுதுங்கள். 22 வருஷத்தில் நான் அதை ஒரு தடவைகூட எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரி ஆபீஸ் கணக்கர்,
சங்ககிரி