குளோரின் நெடி அடித்தால் குளம் சுத்தம் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் காலையும் மாலையும் நீச்சல் குளத்திலேயே கிடக்கிறார்கள். கண் சிவந்து வீட்டுக்கு வந்தால் குளோரினை அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று பெற்றோர் சண்டைக்குப் போகிறார்கள், உடனே அசோசியேஷனும் குளோரினைக் குறைக்கச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் இது தலைகீழான வைத்தியம். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனுடையது. கண் எரிவதும் அதனால்தான். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் இதற்கே செலவாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் பிஎச் அளவு, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண். இதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் பல இடங்களில் குளத்தை நிரப்புவது போர் தண்ணீர், இல்லையென்றால் டேங்கர். அதில் குளோரினுக்காகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டக் கொட்ட பிஎச் ஏறும். பிஎச் 7.2 இருந்தால் தண்ணீரில் உள்ள குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நன்றாக வேலை செய்யும். 8ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குதான். போதாததற்கு நம் ஊர் வெயில் குளோரினைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும், காலையில் போட்டது மாலைக் கூட்டத்துக்கு இருக்காது.

எனக்கு அதிகக் கவலை குழந்தைகளுக்கான சின்னக் குளத்தைப் பற்றித்தான். ஒன்றரை அடித் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது, குளோரின் சீக்கிரம் போகிறது, அதிலேயே சிறுநீர் கழிப்பதும் வாயில் தண்ணீர் போவதும் குழந்தைகள்தான். பெரிய குளத்தைவிட அடிக்கடி சோதிக்க வேண்டியது இதை. "எங்களுடையது உப்புநீர்க் குளம், குளோரினே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் குடியிருப்புகளும் இருக்கின்றன. அது சரியல்ல, அந்த இயந்திரம் உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது, அங்கேயும் அளவு பார்த்தே ஆக வேண்டும்.

கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் மக்கள் இறந்ததைப் படித்தோம். வெதுவெதுப்பான நன்னீரிலிருந்து மூக்கு வழியாக ஏறும் கிருமி அது. குளோரின் அளவு சரியாக இருக்கும் குளத்தில் அது பிழைக்காது, பராமரிக்காத குளத்தில் பிழைக்கும்.

ஆகவே உள்ளாட்சி அமைப்புகளுக்கு என் கோரிக்கை: அடுக்குமாடி, விடுதி, பள்ளி, நீச்சல் பயிற்சி மையம் எதுவானாலும் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை கட்டாயம் இருக்க வேண்டும். அதில் காலையும் மாலையும் பிஎச் எவ்வளவு, குளோரின் எவ்வளவு, ஃபில்டரை எப்போது பேக்வாஷ் செய்தார்கள் (தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டுக் கழுவினார்கள்) என்று எழுதட்டும். பிஎச் 7.2 முதல் 7.8 வரை, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் போதும், சோதனை கிட்டில் சில நிமிட வேலைதான். குளத்தைப் பார்க்கும் தொழிலாளிக்கு முறையான பயிற்சியும் கையுறையும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலந்தால் வரும் வாயு ஆளையே கொல்லும்.

பலகை வரும்வரை பெற்றோர் ஒன்று செய்யலாம். கரையில் நின்று பாருங்கள், ஆழமான பகுதியில் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்குப் பிள்ளையை இறக்காதீர்கள். மூழ்கும் குழந்தையும் அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.

குடியிருப்புவாசி ஒருவர்,
ஓ.எம்.ஆர்., சென்னை