மன்சூர் கிக்கியாவின் கோப்புகளைத் திறவுங்கள்: எகிப்திய அரசுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்து அரபுக் குடியரசின் உள்துறை, வெளியுறவுத் துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம். இன்னுமொரு டிசம்பர் 10 கடந்துவிட்டது. உலக அரசுகள் மனித உரிமை நாளுக்கென அறிக்கை வெளியிடும் அந்த நாளில்தான், 1993ஆம் ஆண்டு, லிபியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மன்சூர் ரஷீத் கிக்கியா உங்கள் தலைநகரில் காணாமற்போனார். அவரைப் பற்றிய கோப்புகள் அனைத்தையும் வெளியிடுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அவர் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1931இல் பெங்காசியில் பிறந்து, 1972இல் வெளியுறவு அமைச்சராகி, பின்னர் ஐ.நா.வில் தம் நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர், 1980இல் லிபியாவை ஆண்ட கடாஃபியின் ஆட்சியிலிருந்து விலகி எதிரணியில் நின்றார். அரபு மனித உரிமைகள் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். 1983இல் அதன் தொடக்கக் கூட்டத்துக்கு எந்த அரபுத் தலைநகரும் இடம் தராததால் சைப்ரசின் லிமசோலில் கூட வேண்டியிருந்தது. பத்தாண்டுகள் கழித்து அதே அமைப்பின் கூட்டத்துக்காகத்தான் அவர் கெய்ரோவுக்கு வந்தார். இடம் தர மறுத்த காலமே பாதுகாப்பானது என்று எண்ண வைத்துவிட்டீர்கள்.

அவருடைய மனைவி பஹா ஒமாரி அடுத்த பத்தொன்பது ஆண்டுகளைக் கணவரைத் தேடியே கழித்தார். கெய்ரோவில் கேட்டார், வாஷிங்டனில் கேட்டார், கடாஃபியையே நேரில் சந்தித்துக் கேட்டார். கணவர் இருக்கிறாரா, இல்லையா என்று பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு ஒரு விடையும் கிடைக்கவில்லை. துக்கம் காக்கவும் வழியில்லை, துக்கத்தை விடவும் வழியில்லை. 1999இல் உங்கள் நாட்டு நீதிமன்றம் ஒன்றே, உள்துறை அமைச்சகம் அவருக்கு ஒரு லட்சம் எகிப்திய பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் கேட்டதோ கணவரை. கடாஃபி வீழ்ந்த மறு ஆண்டு, 2012இல், திரிப்போலியில் கண்டெடுக்கப்பட்ட உடல் மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டு, பெங்காசியில் அடக்கம் செய்யப்பட்டது. அத்தனை காலமும் அது குளிர்பெட்டியில் வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் கூறின.

ஆக, கெய்ரோவில் இருந்தவர் திரிப்போலியில் கிடைத்தார். இடைப்பட்ட வழி உங்கள் மண்ணில்தான் தொடங்குகிறது. 1992 ஏப்ரல் முதல் லிபியாவுக்கான வான்வழிப் போக்குவரத்தை ஐ.நா. தடைசெய்திருந்ததால், அவர் தரைவழியாகவே, சல்லூம் போன்றதோர் எல்லைச் சாவடியைக் கடந்து சென்றிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. சாதாரணப் பயணியின் பெட்டியையே திறந்து பார்க்கும் சாவடியில் ஒரு முன்னாள் வெளியுறவு அமைச்சர் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை போலும்! உங்கள் பாதுகாப்பு அதிகாரிகளே அவரைப் பிடித்து ஒப்படைத்தனர் என்று அமெரிக்க உளவுத்துறை கண்டறிந்ததாக 1997இல் செய்தி வெளியானது. அன்றைய எகிப்திய அரசு மறுத்தது. அந்த மறுப்பு மெய்யானால், அதை நிறுவும் ஆவணங்களைப் பூட்டி வைப்பதால் உங்களுக்கு என்ன ஆதாயம்?

அன்று எகிப்தை ஆண்ட முபாரக்கும் இல்லை, லிபியாவை ஆண்ட கடாஃபியும் இல்லை. யாருடைய மானத்தை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்? வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையில் எகிப்து இன்றுவரை சேராததற்கும் இதுதான் காரணமோ என்னவோ.

கடுஞ்சொல் வந்திருந்தால் பொறுத்தருள்க. கேட்பது ஒன்றே: 1993 டிசம்பரின் காவல்துறை விசாரணைப் பதிவுகளையும் எல்லைச் சாவடிப் பதிவேடுகளையும் முதலில் அவருடைய குடும்பத்தாரிடம் ஒப்படையுங்கள், பின்னர் பொதுவில் வெளியிடுங்கள். அடுத்த டிசம்பர் 10க்குள் இதைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ் வாசகர் ஒருவர்