ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த லாக் ஃபைலை கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் கம்ப்யூட்டர் பக்கத்துல போன வாரம் ஒரு வாசகர், நெட் இல்லாத கம்ப்யூட்டர்ல ஆஃப்லைன் அப்டேட் டூல் (நெட் இல்லாமலே விண்டோஸுக்கு அப்டேட் ஏத்துறது) போட்டா பாதியில நிக்குது என்ன செய்யலாம்னு கேட்டிருந்தாரு. அதுக்கு வந்த பதில் ரெண்டே வரி, நெட் குடுத்து ஆட்டோ அப்டேட்டை ஆன் பண்ணுங்க, அப்பவும் சரியாகலன்னா ஃபார்மட் பண்ணிருங்க. நெட் குடுக்க முடிஞ்சா அவர் ஏங்க அந்த டூலை தேடி போறாரு? டூல் நடந்ததை எல்லாம் ஒரு லாக் ஃபைல்ல எழுதி வைக்கும், அதை பாக்க சொல்லியிருக்கலாம்.

நான் சிவகாசி பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். இங்க பிரஸ்ல பிளேட் எடுக்கிற மெஷினோட கம்ப்யூட்டர், கோயமுத்தூர் பட்டறையில சிஎன்சி மெஷினோட கம்ப்யூட்டர், திருப்பூர்ல எம்ப்ராய்டரி மெஷினோடது, இதெல்லாம் நெட்டை சொருகாம ஓடுற கேஸ். வித்தவனே இதுல நெட் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போறான். அந்த மெஷின் சாஃப்ட்வேர் சிடி எங்கயோ போயிருக்கும், டாங்கிள் (லைசன்ஸுக்காக சொருகுற சின்ன சாவி) டிரைவர் எதுன்னு யாருக்கும் தெரியாது, செட்டிங்ஸ் எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்லதான். அதை ஃபார்மட் பண்ணுனா விண்டோஸ் ஒரு மணி நேரத்துல வந்துரும், மெஷின் திரும்ப ஓட கம்பெனி இன்ஜினியர் வரணும், அதுவரைக்கும் வேலை நிக்கும்.

நெட்டே இல்லாத மெஷினுக்கு அப்டேட் எதுக்குன்னு ஓனர்மாரு எல்லாரும் கேக்குறாங்க. 2010-ல வெளிய தெரிஞ்ச ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ஈரான்ல நட்டான்ஸ் அணு ஆலையில நெட்டோட ஒட்டு இல்லாத கம்ப்யூட்டருக்குள்ள போனதே பென்டிரைவ் வழியாத்தான்னு சொல்றாங்க, விண்டோஸ் ஷார்ட்கட் ஐகானை காட்டுற இடத்துல ஒரு ஓட்டை, ஃபோல்டரை திறந்து பாத்தாலே போதும், எதையும் கிளிக் கூட பண்ண வேண்டாம். அதுக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) விட்டது அதே வருஷம் ஆகஸ்ட்ல. 2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை (ஃபைலை எல்லாம் பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) உலகம் பூரா ஆடுனப்ப அதுக்கான பேட்ச் மார்ச் 14-லயே வந்தாச்சு, போடாதவங்கதான் மாட்டுனாங்க. ஆபீஸ் லேன்ல யாராவது ஒருத்தர் வைரஸ் ஏறுன லேப்டாப்பை சொருகுனா போதும், மத்தது எல்லாம் தானா பரவும். டிசைன் ஃபைலை பென்டிரைவ்ல கொண்டு வர்ற கடையில, நெட் இல்லை அதனால பயம் இல்லைன்னு சொல்றது எனக்கு சரியா படல.

சரி டூலுக்கு வரேன். நம்ம ஆளுங்க அதிகமா வச்சிருக்கிறது டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட், ஜெர்மனிக்காரர் ஒருத்தர் எழுதுனது, இப்ப அதோட கம்யூனிட்டி எடிஷனும் இருக்கு. நெட் இருக்கிற கம்ப்யூட்டர்ல ஜெனரேட்டரை ஓட்டி பேட்ச் எல்லாத்தையும் இறக்கணும், கிளையண்ட்ங்கிற ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல எடுத்துட்டு போய் நெட் இல்லாத மெஷின்ல இன்ஸ்டாலரை ஓட்டணும். இறக்குறப்ப மைக்ரோசாஃப்ட் விடுற ஒரு ஸ்கேன் கேப் ஃபைலும் கூடவே வரும், அதுல பேட்ச் கிடையாது, எந்த மெஷினுக்கு எது வேணும்ங்கிற பட்டியல் மட்டும்தான். இன்ஸ்டாலர் அந்த பட்டியலை மெஷின்ல இருக்கிற விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் கையில குடுத்து, இங்க என்னென்ன இல்லைன்னு கேக்கும், அது சொல்ற பதிலை வச்சுத்தான் ஒவ்வொண்ணா போடும். கேக்குற வேலைதான் டூலோடது, பதில் சொல்றது விண்டோஸ். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி சிக்கல் தீந்துச்சு.

ஏன்னா நம்ம ஊர் மெஷின்ல பாதிக்கு மேல அந்த விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே டிசேபிள் பண்ணி வச்சிருப்பாங்க, ஹாட்ஸ்பாட் டேட்டா காலியாகுதுன்னு என்னைக்கோ யாரோ பண்ணுனது. நெட் இல்லைன்னாலும் ஸ்கேன் பண்றது அந்த சர்வீஸ்தான், அது எழுந்திருக்கலன்னா 80070422-ன்னு எரர் வரும் (முன்னாடி வர்ற பூஜ்ஜியம் எக்ஸை விட்டுட்டு சொல்றேன்). சர்வீஸ் லிஸ்ட்ல போய் மேனுவல்னு மாத்துனா வேலை முடிஞ்சது, இதுக்கு போய் ஃபார்மட் அடிச்ச ஆளுங்களை எனக்கு தெரியும்.

அடுத்தது விண்டோஸ் 7, சப்போர்ட் 2020 ஜனவரி 14-லயே முடிஞ்சு போச்சு ஆனா மெஷினோட ஒட்டிக்கிட்டு இன்னும் உயிரோட இருக்கு. 2019 நடுவுல இருந்து மைக்ரோசாஃப்ட் அதோட பேட்ச்ல ஷா-2 கையெழுத்து (பேட்ச் மைக்ரோசாஃப்டோடதுதான்னு காட்டுற டிஜிட்டல் முத்திரை, ஷா-1 அதோட பழைய வகை) மட்டும்தான் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி ஷா-1-ம் இருந்துச்சு. பழைய சிடில இருந்து போட்ட விண்டோஸ் 7-க்கு ஷா-2 படிக்கவே தெரியாது, அதனால பேட்ச் நல்லா இருந்தும் இது யார் கையெழுத்துன்னே தெரியலன்னு தள்ளிரும், 80092004 வந்தா பெரும்பாலும் இந்த கதைதான். மொதல்ல கேபி4490628 (கேபிங்கிறது மைக்ரோசாஃப்ட் பேட்ச்சுக்கு போடுற நம்பர்), அப்புறம் கேபி4474419, இந்த ரெண்டையும் மைக்ரோசாஃப்ட் கேட்டலாக் சைட்டுல இருந்து எடுத்துட்டு வந்து கையால போட்டு, ஒரு ரீஸ்டார்ட் குடுத்துட்டு, அப்புறம் டூலை ஓட்டி பாருங்க. இதுலயே இன்னொரு கூத்து, டூலோட 12-ம் வெர்ஷன்ல இருந்து விண்டோஸ் 7-ஐ எடுத்துட்டாங்க, அதுக்கு 11.9 வரிசைதான் வேணும். புதுசு நல்லதுன்னு நெனச்சு லேட்டஸ்ட்டை இறக்கிட்டு விண்டோஸ் 7 ஆப்ஷனையே காணோம்னு போன் பண்றாங்க.

தேடுதல் மணிக்கணக்கா ஓடி சிபியு முழுசா ஏறிட்டு இருந்தாலும் விண்டோஸ் 7-ல ஹேங்னு முடிவு பண்ண வேண்டாம், 2015, 16 வாக்குல அதோட அப்டேட் ஏஜென்ட்டுக்கு அந்த வியாதி இருந்துச்சு, 2016 ஜூலை ரோலப் (பல பேட்ச் சேந்த மூட்டை) கேபி3172605 போட்டா அடங்கும், அதுக்கு முன்னாடி கேபி3020369 இருக்கணும்.

யாரும் பாக்காத ஒண்ணு தேதி. பழைய போர்டுல சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட்டுறது) செத்து போயி ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் எப்பவோ ஒரு வருஷத்துக்கு போய் நிக்கும், நெட் இருந்தா தானா சரியாகும், இங்க அதுக்கும் வழி இல்ல. தேதி தப்பா இருந்தா சர்டிஃபிகேட் செல்லாதுன்னு 800பி0101 வரும். 2032 நம்பர் பேட்டரி எந்த வாட்ச் கடையிலயும் கிடைக்கும், மாத்தி தேதியை சரி பண்ணிட்டு மத்ததை பாருங்க.

விண்டோஸ் 10-ல வேற மாதிரி. அதுல மாசாமாசம் வர்றது க்யுமுலேட்டிவ், கடைசி ஒண்ணை போட்டா முந்தினது எல்லாம் அதுலயே அடக்கம், ஆனா அது அந்தந்த வெர்ஷனுக்கு மட்டும்தான். மெஷின்ல 1809 ஓடிட்டு இருக்கும், பென்டிரைவ்ல 22எச்2 பேட்ச் இருக்கும், இது உங்க கம்ப்யூட்டருக்கு பொருந்தாதுன்னு 80240017 காட்டும், உடனே டூல் டூப்புன்னு பேசுவாங்க. ரன்ல வின்வெர்னு அடிச்சா என்ன வெர்ஷன்னு தெரியும், 32 பிட்டா 64 பிட்டாங்கிறது செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபௌட் பக்கத்துல இருக்கும், ரெண்டையும் குறிச்சுக்கிட்டு அப்புறம் இறக்க உக்காருங்க. பெரிய ஐஎஸ்ஓவை (டிவிடி முழுசையும் ஒரே ஃபைலா ஆக்குனது) ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணுன பென்டிரைவ்ல காப்பி பண்ணுனா, ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் பண்ணிக்கணும், ஃபார்மட் பண்ண வேண்டியது பென்டிரைவைத்தான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. டூல்ல ஆட்டோமேட்டிக் ரீபூட் அண்ட் ரீகால்னு ஒரு டிக் இருக்கு, அதை போட்டா ரீஸ்டார்ட் ஆகி தானா உள்ள வந்து மிச்சத்தை தொடரும், வசதிதான், ஆனா அதுக்காக டபிள்யூஓயூ டெம்ப் அட்மின்னு ஒரு தற்காலிக அட்மின் அக்கவுண்டை உருவாக்கி அதுலயே தானா லாகின் ஆகும். முழுசா முடிஞ்சா அதுவே அழிச்சுரும். நடுவுல கரண்ட் போச்சுன்னா, யாராவது பொறுமை இல்லாம பட்டனை அமுக்குனாங்கன்னா, அந்த அக்கவுண்ட் அப்படியே தங்கிரும், மெஷின் யாருன்னே தெரியாத பேர்ல திறக்கும், ஓனர் வைரஸ்னு பதறுவாரு. கிளையண்ட் ஃபோல்டருக்குள்ள சிஎம்டி ஃபோல்டர்ல க்ளீனப் ரீகால்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, அதை அட்மினா ஓட்டுனா பழையபடி வந்துரும். யுபிஎஸ் இல்லாத இடத்துல நான் அந்த டிக்கை போடவே மாட்டேன், கையால ரீஸ்டார்ட் பண்ணி திரும்ப திரும்ப ஓட்டுறது கொஞ்சம் சலிப்பு, அவ்ளோதான்.

எதுல நின்னாலும் சி டிரைவ் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள டூல் பேர்லயே ஒரு லாக் ஃபைல் கிடக்கும், நோட்பேட்ல திறந்து கீழ இருந்து மேல படிங்க. ஒரு கேபி நம்பர் போட்டு நாட் ஃபவுண்ட்னு வார்னிங் இருந்தா அந்த பேட்ச் உங்க பென்டிரைவ்ல இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம், ஜெனரேட்டரை திரும்ப ஓட்டுங்க, இல்ல கேட்டலாக்ல அந்த நம்பரை தேடி எடுங்க. பேட்ச் இருந்தும் ஏறலன்னா அதே விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள லாக்ஸ் ஃபோல்டர்ல சிபிஎஸ் லாக்கை (விண்டோஸ் தானே எழுதி வைக்கிறது) பாருங்க, சிஸ்டம் ஃபைலே கெட்டிருந்தா விண்டோஸ் 10-ல டிஸ்ம்ங்கிற ரிப்பேர் கமாண்டால சரி பண்ணலாம், நெட் இல்லாததால அதே வெர்ஷன் விண்டோஸ் டிவிடியை சோர்ஸா காட்டணும், காட்டலன்னா 800எஃப்081எஃப்னு சொல்லிட்டு படுத்துரும். ஆன்ட்டிவைரஸ் டூலையே வைரஸ்னு பிடிக்கும், அது ஆட்டோஇட்ங்கிற ஸ்கிரிப்ட் மொழியில எழுதுனதால வர்ற சந்தேகம், ஆனா கண்ட சைட்டுல இறக்குன காப்பின்னா ஆன்ட்டிவைரஸ் பேச்சை நம்புறதே மேல்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு, வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு வருஷம் கூடுதலா குடுக்கிற திட்டத்துல சேர மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணுமாம், நெட்டே இல்லாத மெஷின்காரன் அங்கயும் வெளியதான் நிக்கணும். அதனால கடைசியா வந்த பேட்ச் வரைக்குமாவது ஒழுங்கா ஏத்தி வச்சுக்கிறது இப்ப ரொம்ப அவசியம்.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை. மைக்ரோசாஃப்ட் பேட்ச் விடுறது மாசத்தோட ரெண்டாவது செவ்வாய், நம்ம நேரத்துக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரை ஆயிரும். அதுக்கு மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சின்ன பெட்டி போடுங்க, எந்த வெர்ஷனுக்கு எந்த கேபி நம்பர், 32 பிட்டுக்கு எது 64 பிட்டுக்கு எது, அது ஏற முன்னாடி வேற ஏதாவது இருக்கணுமா, இவ்ளோதான். ரெண்டாவது புதன்னு கணக்கு வச்சு போட்டுராதீங்க, புதன்கிழமை பொறக்கிற மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் மூணாவது புதனா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ்காரன், சிவகாசி