பலகைக்குப் பின்னால் பார்த்தேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் நெல்லியாம்பதியில் தங்கியிருந்தோம். கைகாட்டி என்ற இடத்துக்கு அப்பால், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து வீட்டு முற்றத்தில், நீங்கள் கட்டித் தந்த காரவன் வண்டியை, சமைத்துத் தூங்கிப் பயணம் போகிற அந்த வேனை, நிறுத்தியிருந்தேன். காலையில் குழாயைத் திறந்தால் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. உங்களைக் கூப்பிடலாம் என்றால் சிக்னல் இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று கட்டிலுக்கு அடியில் இருக்கும் பலகையின் நான்கு திருகுகளையும் கழற்றினேன்.

கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. பம்புக்கு முன்னால் இருக்கும் வலையில் பாசி அடைத்திருந்தது. கழுவி மாட்ட ஐந்து நிமிடம். ஆனால் பலகையைத் திரும்ப மூட அரை மணி நேரம் ஆகிவிட்டது. டார்ச்சை அடித்து உள்ளே பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். விலையைக் குறைக்க, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மலிவுப் பலகை போடலாமா என்று போன மாதம் போனில் கேட்டீர்களே, அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்தில்தான் தெரிந்தது.

ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் உங்கள் பையன் கையெழுத்தில் ஒரு சீட்டு: பம்ப், பின் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ். இரும்புச் சட்டத்தைத் துளைத்து வயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். எந்த வயரும் விறைப்பாக இல்லை. திரும்பும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட்டு, சாணுக்கு ஒரு கிளிப் போட்டிருக்கிறது. பலகையின் திருகுகள் தகட்டில் பதித்த ரிவெட் நட்டில் போய் உட்காருகின்றன. அதனால் பத்து முறை கழற்றி மாட்டினாலும் பிடி தளராது. பலகையின் உள்பக்கத்துக்கும் வார்னிஷ் இரண்டு கை அடித்திருக்கிறது. மூலையில் பென்சிலால் ஒரு தேதி, அதற்குக் கீழே உங்கள் அப்பா போடும் அந்தச் சின்னக் குறி.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்றால், அதற்கு முந்தைய வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, வேறொரு ஊரில், மூன்றே வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்ற ஓர் இடத்தில் பழைய வேன் ஒன்றைக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளை லேமினேட், நீல விளக்கு. முதல் பயணம் வால்பாறைக்கு. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்திப் பார்த்தபோதே மேல் அலமாரியின் கதவு கீலோடு பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. வீட்டுச் சுவரில் அசையாமல் நிற்கிற அலமாரிக்கு அது போதும். ஆடுகிற வண்டியில் திருகின் துளை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, பலகை மாவாகக் கொட்டுகிறது.

இருபதாவது வளைவு தாண்டியதும் கருகல் நாற்றம். அம்மா பின்னால் படுத்திருந்தார். பின் விளக்குக்குப் போகும் வயர், கூரான தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் போய், வண்டியின் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த வயருக்கு ஃபியூஸே போடவில்லை. பேட்டரி முனையைக் கழற்றுவதற்குள் என் கை நடுங்கிய நடுக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் மழை முடிந்து சுவர்ப் பலகையைப் பிரித்தால், சூடு தடுக்க உள்ளே வைத்த கண்ணாடிப் பஞ்சு முழுக்க ஈரம், அதற்குப் பின்னால் துரு. கூரை ஒழுகவில்லை. இரண்டு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரம், மலைக் குளிரில் சில்லிட்டுக் கிடந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகிப் பஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. அதை எனக்கு விளக்கிச் சொன்னதே நீங்கள்தான்.

அதற்கப்புறம் கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உங்கள் பட்டறைக்கு வந்த முதல் நாள், நான் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் பாதியை நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுப்பவன் நான், கேட்டதைச் செய்து கொடுத்தால் என்ன என்று வழியெல்லாம் அம்மாவிடம் புலம்பிக்கொண்டே போனேன்.

ஆர்.சி. புத்தகத்தைத்தான் முதலில் கேட்டீர்கள். "பேப்பர் சரியா வராம நான் உளியத் தொட மாட்டனுங்க" என்றீர்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில். காரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரவிதி இருக்கிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். முந்தைய இடத்தில் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் 150 லிட்டர் வேண்டும் என்று கேட்டேன். "தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோங்க. பின் சக்கரத்துக்கும் பின்னால 150 கிலோவைத் தூக்கி வெச்சா முன் சக்கரம் லேசாயிரும், ஸ்டீயரிங் பேச்சுக் கேக்காது" என்றீர்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு தரையாக, 70 லிட்டர் வைத்தீர்கள். எதிர்ப்பக்கம் பேட்டரியையும் கேஸ் பெட்டியையும் வைத்துச் சமன் செய்தீர்கள். வேலை தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, அப்புறம் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை எடுத்த அந்த நான்கு சீட்டுகளும் என் ஃபைலில் இருக்கின்றன.

ஏ.சி. விஷயத்தில் நீங்கள் ஒட்டுப்பலகைத் துண்டில் பென்சிலால் போட்ட கணக்கைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி என்றால் மொத்தம் 2,560 வாட் மணி. 700 வாட் இழுக்கிற ஏ.சி. அதில் நான்கு மணி நேரம்கூட ஓடாது. 1,200 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 100 ஆம்பியர் பாயும். அதற்கு விரல் தடிமனில் கேபிள் வேண்டும், பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வேண்டும். "வேணும்னா போட்டுத் தர்றேன், ஆனா இந்தக் கணக்கப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். பார்த்தேன். ஃபேன் இரண்டும் கேஸ் அடுப்பும் போதும் என்று நானேதான் சொன்னேன்.

அந்தக் கேஸ் பெட்டியின் அடியில் ஒரு துளை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். பெட்டியை வண்டியின் உள்ளிடத்திலிருந்து முழுக்க அடைத்து, அடியில் வெளியே போக வழி விட்டு, பூச்சி கூடு கட்டாமல் அந்த வழிக்குக் கம்பி வலையும் கட்டியிருக்கிறீர்கள். பழைய வண்டியில் சிலிண்டர் கட்டிலுக்கடியில் இருந்தது. அதன் மேலேதான் அம்மா தூங்கினார்.

அப்பாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் நீளும், ஆனாலும் எழுத வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ஒட்டுப்பலகைதான் வாங்குகிறீர்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது. முத்திரை இருந்தும், புதிதாக வந்த ஒவ்வொரு பலகைக் கட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் உளியை அடுக்கில் விட்டு நெம்பிப் பார்க்கிறாரே, அந்தக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து அதை நான் ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். இரண்டு பலகைகளைக் கடைக்காரருக்கே திருப்பி அனுப்பினார். கட்டில் சட்டத்தைத் துளையும் கழுந்துமாகக் கோத்து, இறுக்கம் பார்க்கக் காதை வைத்துத் தட்டிக் கேட்டார். அந்தக் கட்டில் இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு முறைகூட முனகவில்லை.

உங்கள் பையன் ஜன்னலுக்குத் தகட்டை வெட்டிய நாளும் நினைவிருக்கிறது. கீழே பழைய சேலையை விரித்து வைத்தான். வெட்டி முடித்ததும் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, கூரையிலும் இடுக்கிலும் விழுந்த இரும்புப் பொடியை ஒன்றுவிடாமல் எடுத்தான். அந்தப் பொடி கிடக்கும் இடத்தில்தான் முதல் மழைக்கே பெயின்ட் மேல் துரு பூக்கும் என்றான். வெட்டிய விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி அடித்து, மறுநாள்தான் ஜன்னலை வைத்தான். இருபது வருடம் கரூரில் பஸ் பாடி கட்டிய கைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பது அந்த ஒரு வேலையிலேயே தெரிந்தது.

அண்ணி மெத்தை தைக்கும் முன் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளவு எடுத்தார். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் வலி. அந்த அளவுக்குத்தான் இருக்கையின் உயரம் வந்தது. ஏறும் படியை இரண்டாகப் பிரித்தீர்கள். இப்போது அம்மா என் கையைப் பிடிக்காமல் ஏறுகிறார். ஏறியதும் அந்த இருக்கையைத் தடவி, "நம்ம ஊட்டுத் திண்ணை மாதிரியே இருக்குதுடா" என்பார், ஒவ்வொரு முறையும்.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் கேரள அரசு 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது, அப்புறம் வாகமண்ணில் முதல் காரவன் பூங்கா வந்தது. அதிலிருந்து விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் பாதி விலைக்கு, மூன்று வாரத்துக்கு என்று வேறு இடங்களுக்குப் போகிறார்கள் என்றீர்கள். விலையைக் குறைக்க, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மட்டும் மலிவுப் பலகை போடலாமா என்று பையன் கேட்கிறான் என்றீர்கள்.

வேண்டாம், அண்ணா. நான் கழற்றிப் பார்த்த அந்த இடம்தான் கண்ணுக்குத் தெரியாத இடம். வண்டியில் தீப்பிடிப்பதும் துருப்பிடிப்பதும் அங்கேதான். அங்கே குறைத்தால் நீங்கள் விற்பது வேறு பொருள் ஆகிவிடும், பெயர்ப்பலகை மட்டும் உங்களுடையதாக இருக்கும்.

அதற்குப் பதில் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒவ்வொரு சுவரையும் மூடும் முன் போனில் படம் எடுத்து, வண்டி கொடுக்கும்போது எல்லாப் படத்தையும் வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். விலை கேட்டு வருபவருக்கும் காட்டுங்கள். உங்கள் விலை ஏன் இவ்வளவு என்பதை அந்தப் படங்கள் சொல்லிவிடும். இரண்டாவது, தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். எனக்குப் பத்து வாரம் என்றீர்கள், பதினேழு ஆனது. வேலைக்கு ஆன நாள் நியாயமானது. முதலிலேயே பதினேழு என்றிருந்தால் அம்மாவின் குருவாயூர் பயணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்க மாட்டேன். அவசரக்காரர்கள் அன்றே போய்விடுவார்கள், போகட்டும்.

இன்னொரு சின்னக் குறை. ஓட்டும்போது பின் ஜன்னலின் கொசுவலைச் சட்டம் கடகடக்கிறது. ரப்பர் பட்டை ஒன்று ஒட்டினால் நிற்கும் என்று நினைக்கிறேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வண்டியைக் கொண்டுவருகிறேன், கேஸ் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர்ச் சோதனையும் அன்றே வைத்துக்கொள்ளலாம்.

படிக்கு வலது பக்கம் இருப்பது மாதிரி இடது பக்கமும் ஒரு கைப்பிடி வேண்டுமாம். அம்மா கேட்கச் சொன்னார். தேக்கில் செய்தால் நல்லது, அப்பா கையால் செய்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து உங்கள் தம்பி