பெயர் இருக்கிறது என்பதற்காக ஆவணத்தை மறுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவில் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற விவரத்தைத்தான் முன்பு இந்தப் பிரிவின் கீழ் மறுக்க முடியும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் (2023) 44(3) பிரிவு இவை அத்தனையையும் நீக்கிவிட்டு, 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. இது பெரிய அநியாயம். ஆனால் இதோடு எல்லாம் முடிந்தது என்று மனுப் போடுவதையே விட்டுவிடக் கூடாது. மனு எழுதும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு. அதில் யாரும் கை வைக்கவில்லை. யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டிய 17 இனங்கள் அதில் உள்ளன. 10-வது இனம் அலுவலர்களின் மாத ஊதியம். 12-வது, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையும் பயனாளிகளின் விவரமும். 13-வது, சலுகையோ அனுமதியோ பெற்றவர்களின் விவரம். ஆகவே மானியத்தில் வீடு கட்டித் தரும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைக் கேட்கும்போது, 'மேற்படி பிரிவின் 12-வது இனப்படி தாங்களே வெளியிட்டிருக்க வேண்டிய பட்டியல்' என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். சட்டக் கடமையின் பேரில் பொதுவெளியில் வைக்கப்பட்ட விவரங்களுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-வது பிரிவே சொல்கிறது. அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

இந்த 17 இனங்களில் வராத ஆவணங்களுக்கு வேறு வழி. சாலைப் பணியை எடுத்துக்கொள்வோம். 'ஆறு மாதத்தில் ஏன் பெயர்ந்தது?' என்று கேட்டால் பதில் வராது. பதிவில் இல்லாத கருத்தையோ விளக்கத்தையோ அலுவலர் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் கூறியிருக்கிறது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: மதிப்பீடு, பணி உத்தரவு, எம்-புக் (பணியின் அளவுகளைப் பதியும் புத்தகம்), பில், தரப் பரிசோதனை அறிக்கை. இவற்றில் முக்கியமானது எம்-புக். எந்தத் தேதியில் அளந்தார்கள், நீளம், அகலம், கனம் எவ்வளவு, அளந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்து, அதில் எழுதிய கனத்தோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் வெளிவந்துவிடும். 2(ஜெ) பிரிவின்படி பணியை நேரில் பார்வையிடவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட உரிமை உண்டு. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

எம்-புக்கில் ஒப்பந்ததாரரின் பெயரும் கையெழுத்தும் இருப்பதால் தர முடியாது என்பார்கள். அதற்குத்தான், மறுக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தரச்சொல்லும் 10-வது பிரிவு. 'ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் ஆகியவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தருக' என்று முதல் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். அதோடு 8(2) பிரிவையும் சுட்டுங்கள். தகவல் தருவதால் வரும் பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால், விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்கிற பிரிவு அது. வெறுமனே 'பொதுநலன் கருதி' என்று எழுதினால் எடுபடாது. எந்தப் பணி, எவ்வளவு அரசுப் பணம், அது கெட்டதால் யாருக்கு என்ன இழப்பு என்று நான்கு வரியாவது எழுத வேண்டும்.

மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டிவிட்டால் 7(6) பிரிவின்படி நகல்களை இலவசமாகத் தர வேண்டும். இது தெரியாமல் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

மனுக்கள் பெரும்பாலும் வீணாவது இதற்குப் பிறகுதான். பதில் வராத கோபத்தில் முதல் மேல்முறையீட்டை விட்டுவிட்டு, 18-வது பிரிவின் கீழ் தகவல் ஆணையத்துக்கு நேரே புகார் எழுதுகிறார்கள். அந்தப் பிரிவில் ஆணையம் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரச்சொல்லி உத்தரவிட முடியாது. 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆவணம் கையில் வேண்டுமென்றால் 19-வது பிரிவுதான் வழி: 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம், பிறகு 90 நாளுக்குள் ஆணையத்திடம். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்கிறது 19(5). மேல்முறையீட்டு மனுவில் இதை மேற்கோள் காட்டுங்கள். ஒற்றை வரியில் மறுத்திருந்தால், காரணம் சொல்லாதது 7(8) பிரிவுக்கு முரண் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 4(1)(பி) விவரங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தெந்த அலுவலகம் பயனாளிகள் பட்டியலை இணையதளத்தில் வைத்திருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு புதுப்பித்தது என்று உங்கள் செய்தியாளர்கள் பார்த்து, அலுவலகத்தின் பெயரோடு மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டும். மனு எழுதுகிறவர்கள் அந்தச் செய்தி நறுக்கையே இணைப்பாக வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்