பரிந்துரைத்தது யார், பட்டியலிட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் கட்டுரையொன்றில், "இலங்கையை அமெரிக்கா மதச் சுதந்திரக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது" என்றிருந்த வரியை வாசித்து, மூன்று நாள் பொறுத்தும் மனம் ஆறாததால் எழுதுகிறேன்.

1998 ஆம் ஆண்டின் அமெரிக்க சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம் இரண்டு அமைப்புகளை உருவாக்கியதைத் தாங்கள் அறிவீர்கள். ஒன்று, அந்நாட்டின் வெளியுறவு அமைச்சான இராஜாங்கத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் அலுவலகம். மற்றது, ஜனாதிபதியும் காங்கிரஸ் தலைவர்களும் நியமிக்கும் ஒன்பது பேர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு. ஆணைக்குழு விசாரித்து, அறிக்கை எழுதி, பரிந்துரைக்கலாம். பட்டியலிடும் அதிகாரம் அதற்குக் கிடையாது, அது திணைக்களத்தினுடையது. அதன் 2023, 2024 அறிக்கைகள் இலங்கையை, மதச் சுதந்திரம் கடுமையாக மீறப்படும் நாடுகளுக்கான விசேட கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டன. திணைக்களம் 2024 ஜனவரியில் அறிவித்த பட்டியலில் இலங்கை இல்லை. இந்த வேறுபாடு தங்கள் கட்டுரையாளருக்குச் சிறிதாகப் பட்டிருக்கலாம். ஆனால் "அமெரிக்கா சேர்த்தது" என்று எழுதியவுடன் வெளிநாட்டுத் தலையீடு என்ற பேச்சு எழுகிறது, அந்தப் பேச்சில் அறிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படி மறக்கப்பட்டவர்களில் என் உம்மாவும் ஒருவர். 2020 டிசம்பரில் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் கொரோனாவால் காலமானார். கொரோனாவால் இறந்தவர்களை அடக்கலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கூறியிருந்தும், எங்கள் நாட்டில் ஏப்ரல் மாத வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. கையொப்பமிட ஒரு தாளை நீட்டினார்கள். எங்களை இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்குக்கூட விடவில்லை. ஹஜ்ஜிலிருந்து உம்மா கொண்டுவந்து, ஸம்ஸம் நீரில் நனைத்து, உலர்த்தி மடித்துவைத்திருந்த, அடக்கத்தின்போது உடலைப் போர்த்தும் கபன் துணி இன்றும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஊர் மையவாடியில் வாப்பாவின் கபுறுக்குப் பக்கத்தில் அவருக்கென்று விட்டிருந்த இடமும் அப்படியே கிடக்கிறது.

அந்த மாதத்தில் கொழும்பின் பொரளை மயான வாயிலில் மக்கள் கட்டாயத் தகனத்துக்கு எதிர்ப்பாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். தங்கள் பத்திரிகையோ, நான் வாசித்தவரை, சுகாதார வழிகாட்டல் என்ற சொல்லைத் தாண்டவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்ட பிறகு நான் எழுதிய கடிதமும் வெளியாகவில்லை. கட்டாயத் தகனம் அமெரிக்கத் திணைக்களத்தின் 2020 ஆம் ஆண்டு மதச் சுதந்திர அறிக்கையில் பதிவாயிற்று. எங்கள் துக்கத்தை வாஷிங்டனில் ஓர் அதிகாரி எழுதிவைக்க, எங்கள் மொழியில் எங்கள் பத்திரிகை எழுதவில்லை என்பதே என் மனக்குறை. நம் அமைச்சரவை மன்னிப்புக் கோரியதோ 2024 ஜூலையில்தான்.

அமெரிக்காவுக்காக வாதாடுவதாக எண்ணவேண்டாம். சவூதி அரேபியாவை 2004 இல், கண்காணிப்புப் பட்டியலைவிடக் கடுமையான பிரிவான 'குறிப்பாகக் கவலைக்குரிய நாடு' என்று அறிவித்த திணைக்களம், தேசிய நலன் என்று காரணம் காட்டி அதற்கு நடவடிக்கையிலிருந்து விலக்களித்துவந்தது. இந்தியாவையும் அவ்வாறே அறிவிக்குமாறு 2020 தொட்டு ஆணைக்குழு தொடர்ந்து பரிந்துரைத்தும் திணைக்களம் ஏற்கவில்லை. ஆணைக்குழு உண்மையைச் சொன்னாலும் திணைக்களம் உறவையும் வியாபாரத்தையும் பார்த்தே தீர்மானிக்கிறது. இதைத்தான் அந்தக் கட்டுரை விளக்கியிருக்க வேண்டும். ஒரு வினைச்சொல்லைத் தவறாக இட்டு, இரண்டு அமைப்புகளையும் ஒன்றாக்கிவிட்டது.

ஆகவே, அடுத்த இதழில் "சேர்க்கப் பரிந்துரைத்தது" என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். இடமிருந்தால், அந்த அறிக்கைகளில் இலங்கை பற்றிய பகுதியைத் தமிழில் முழுமையாகப் பிரசுரியுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நானே செய்துதருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சம்மாந்துறை